நாற்பது வயதுக்கு மேல் நாடு நாடாக வென்ற 'ஓட்டல் ராணிகள்'

லண்டன் மாநகரில் வெம்பிளி என்று ஒரு பெரிய மைதானம். கால்பந்துக்குப் பெயர் போன இடம்.

1988-ம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி. அன்று அங்கே பந்தாட்டம் இல்லை. பாட்டு! எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். 67 நாடுகளில் டெலிவிஷன் மூலம் காட்டினார்கள். சுமார் 60 கோடி மக்கள் பார்த்ததாகக் கணக்கு.

யாருக்காக இந்த விழா?

தென் ஆப்பிரிக்காவில் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவுக்காக. அடுத்த மாதம் அவருக்கு 70 வயது நிறையப் போகிறது. பிறந்த நாள் விழா நடக்கிறது. பிறந்தவர் மட்டும் வர முடியாது!

மேல்நாட்டின் புகழ் பெற்ற பாடகர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடை ஏறினார்கள். அவர்களுக்கு நடுவே, மண்டேலாவின் சொந்த நாட்டில் இருந்தே வந்த ஒரு கோஷ்டியும் பாடியது. அதில் மூன்று பெண்கள்.

அவர்கள் பதினெட்டு வயதுக் குமரிகள் அல்ல. சினிமா நட்சத்திரங்களும் அல்ல. மூவரும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். பாட்டு உலகம் தங்களை மறந்துவிட்டது என்று ஒரு காலத்தில் வீட்டோடு இருந்தவர்கள்.

பெயர் ஹில்டா, நோபெசுத்து, மில்ட்ரட். கோஷ்டியின் பெயர் 'மகோட்டெல்லா குயின்ஸ்'.

உலகம் அவர்களைத் திரும்பிப் பார்க்க 24 ஆண்டுகள் ஆயின. அந்த 24 ஆண்டுக் கதைதான் இது.

ஓட்டல் இல்லாத ஓட்டல் ராணிகள்

1964-ம் ஆண்டு. தென் ஆப்பிரிக்காவின் பெரிய நகரமான ஜோகன்னஸ்பர்க்.

தமிழர்களுக்கு இந்த ஊர் புதிதல்ல. தில்லையாடி வள்ளியம்மை பிறந்த ஊர் இது. இந்தியர்கள் பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, 1908-ல் காந்தியடிகள் தலைமையில் அந்தச் சீட்டுகளைக் குவித்துத் தீ வைத்ததும் இங்கேதான்.

அந்தத் தீ அணைந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் சீட்டு ஒழியவில்லை. இப்போது அது கறுப்பு மக்களின் கழுத்தைப் பிடித்துக் கொண்டிருந்தது. நகரத்துக்குள் நடமாட வேண்டுமானால் சட்டைப் பையில் 'பாஸ்' இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெயில். முதலில் ஆண்களுக்கு மட்டும் இருந்த இந்தத் தொல்லை, பிறகு பெண்களுக்கும் வந்தது. 1956 ஆகஸ்டு 9-ந் தேதி சுமார் இருபதாயிரம் பெண்கள் திரண்டு, பிரிட்டோரியாவில் உள்ள அரசாங்க மாளிகைக்கு ஊர்வலமாகப் போனார்கள். அப்படியும் அரசாங்கம் மசியவில்லை.

கறுப்பு மக்கள் நகரத்தில் வேலை செய்யலாம், குடியிருக்கக் கூடாது. அவர்களுக்கென்று ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்புகள். ஜோகன்னஸ்பர்க்குக்குத் தென்மேற்கே இருந்த குடியிருப்புகளைச் சேர்த்து 'சொவெட்டோ' என்று பெயர் வைத்தார்கள். 'தென்மேற்குக் குடியிருப்புகள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அது. ஊருக்கு ஒரு பெயர் வைக்கக்கூட மனம் இல்லை!

ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு நகரத்தில் என்ன வேலை கிடைக்கும்? பெரும்பாலும் வெள்ளைக்காரர் வீட்டில் சமையல், துணி துவைத்தல், பிள்ளை பார்த்தல். அதைத் தாண்டி ஒரு வழி உண்டென்றால், அது பாட்டு.

அந்த ஆண்டில் 'காலோ' இசைத்தட்டுக் கம்பெனி, கறுப்பு மக்களின் இசைக்காகத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அதை நடத்த வந்தவர் ரூபர்ட் போப்பாப்பே என்ற கறுப்பினத்தவர். எந்தக் குரல் விலை போகும் என்று கேட்ட உடனே கணக்குப் போடக் கூடியவர். இளம் பெண்கள் சிலரைப் பொறுக்கி எடுத்து ஒரு கோஷ்டி அமைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் 'மகோட்டெல்லா குயின்ஸ்'.

'மகோட்டெல்லா' என்ற சொல்லில் இருப்பது நமக்குத் தெரிந்த 'ஓட்டல்'தான். பெரிய மனிதர்கள் வந்து தங்கும் பகட்டான ஓட்டலின் ராணிகள் என்று பொருள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ராணிகள் ஜோகன்னஸ்பர்க்கின் பெரிய ஓட்டல் எதிலும் அறை எடுத்துத் தங்க முடியாது. அவை வெள்ளையருக்கு மட்டும். கறுப்பினப் பெண் உள்ளே போகலாம். கையில் துடைப்பம் இருக்க வேண்டும்!

அதே 1964-ல், ஜூன் 12-ந் தேதி, இன்னொரு காரியமும் நடந்தது. நெல்சன் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வெம்பிளி விழா நடந்தது 1988 ஜூன் 11-ந் தேதி. 24 ஆண்டுகளுக்கு ஒரே ஒரு நாள் குறைவு! அவருடைய ஆயுள் தண்டனையும் இந்தப் பெண்களின் பாட்டும் ஒரே ஆண்டில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் போல.

களியின் பெயர் கொண்ட பாட்டு

அவர்கள் பாடிய பாட்டுக்கு 'உம்பகாங்கா' என்று பெயர். சூலு மொழியில் இதற்கு நேர் அர்த்தம், மக்காச்சோள மாவில் செய்யும் உணவு. நம் ஊரில் களி மாதிரி. ஏழை வீட்டில் அன்றாடம் வேகும் பண்டம்.

பெயர் பொருத்தமான பெயர். கிராமத்தில் இருந்து பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர்களின் பாட்டு அது. கல்யாணத்திலும் அறுவடையிலும் பாடிய பழைய மெட்டு. அதற்குக் கீழே மின்சாரக் கிடார். நாட்டுப் பாடல் பாதி, நகரத்துப் பாடல் பாதி. இரண்டும் சேர்ந்து கிண்டிய களி!

பாடும் முறை நமக்கும் விளங்கக் கூடியதுதான். நாற்று நடும் பெண்களில் ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள்; மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள் அல்லவா? அதேபோல் இங்கே ஹில்டா எடுத்துக் கொடுப்பார். மற்றப் பெண்கள் வாங்கிக் கொள்வார்கள். ஆனால் எல்லோரும் ஒரே சுருதியில் அல்ல. ஒருத்தி மேலே, ஒருத்தி நடுவே, ஒருத்தி கீழே. ஐந்து குரலும் சேர்ந்து விழும்போது, ஐந்து விரல் மடங்கி ஒரு கை ஆவது போல இருக்கும்.

இந்தப் பெண் குரல்களுக்கு அடியில் ஓர் ஆண் குரல் உறுமும். அந்தக் குரலுக்கு உரியவர் சைமன் இங்கபிண்டே. 'மாலத்தினி' என்றால்தான் ஊருக்குத் தெரியும். 'சொவெட்டோவின் சிங்கம்' என்பது பட்டப் பெயர். பாறை உருள்வது போன்ற குரல். சிறு வயதில் குரல் உடைந்து இப்படி ஆனபோது, யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று பயந்து, வீட்டார் அவரை நாட்டு வைத்தியரிடம் அழைத்துப் போனார்கள் என்று சொல்வார்கள். சூனியம் அல்ல, அதுவே அவருக்குச் சோறு போட்டது.

வாத்தியம் வாசித்தவர்கள் 'மக்கோனா சோலே' கோஷ்டியார். 'எதையும் செய்ய வல்லவர்கள்' என்று அர்த்தம். மார்க்ஸ் மங்குவானே கிடார். ஜோசப் மக்குவேலா அடிச்சுருதிக் கிடார். வெஸ்ட் இங்கோசி சாக்சபோன். இந்த வெஸ்ட், சின்ன வயதில் பிரிட்டோரியா தெருக்களில் தகரக் குழல் ஊதிக் காசு சேர்த்தவர்.

பாட்டோடு ஆட்டமும் உண்டு. 'உம்கஷியோ' என்று அதைச் சொன்னார்கள். துள்ளல் என்று பொருள். நின்ற இடத்தில் நின்று பாடினால் அந்த ஊர் ஜனங்கள் ஏற்றுக் கொள்ள மாட்டார்கள். தொண்டை பாடும்போது காலும் பாட வேண்டும்.

குரல் ஒன்று, பெயர் பல

அறுபதுகளில் இந்தக் கோஷ்டியின் இசைத்தட்டுகள் கறுப்பர் குடியிருப்புகளில் எங்கும் பறந்தன. டெலிவிஷன் அந்த நாட்டுக்கே 1976-ல்தான் வந்தது. அதற்கு முன் ரேடியோவே ராஜா.

அந்த ரேடியோவிலும் ஒரு சூழ்ச்சி. கறுப்பு மக்களை ஒன்று சேர விடக் கூடாது என்பதற்காக, சூலு மொழிக்கு ஒரு நிலையம், சோத்தோ மொழிக்கு ஒரு நிலையம் என்று அரசாங்கம் தனித் தனியாகப் பிரித்து வைத்திருந்தது. அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஒரு வார்த்தை இருந்தாலும் பாட்டு ரேடியோவில் வராது. காதல், கல்யாணம், ஊர், உறவு என்று பாட வேண்டும்.

இந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? சூலுவில் பாடினார்கள். சோத்தோவிலும் பாடினார்கள். அரசாங்கம் வேலி போட்டுப் பிரித்த மக்கள் எல்லாம், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து ஒரே குரலைக் கேட்டார்கள்!

கம்பெனி இன்னொரு வேலையும் செய்தது. ஒரே கோஷ்டியின் பெயரில் வாரத்துக்கு வாரம் தட்டு வெளியிட்டால் சந்தையில் சலிப்பு வரும் அல்லவா? அதனால் இதே பெண்களின் குரலை 'டிமா சிஸ்டர்ஸ்', 'சொவெட்டோ ஸ்டார்ஸ்' என்று வேறு வேறு பெயர்களிலும் வெளியிட்டார்கள். வாங்குகிறவர்களுக்கு இது வேறு கோஷ்டி, அது வேறு கோஷ்டி. பாடிய தொண்டை ஒன்றே!

விற்பனைக்கு இது நல்ல வழி. பாடியவர்களுக்கு? குரல் எல்லோருக்கும் தெரியும். குரலுக்கு உரியவள் யார் என்று தெரியாது.

காசும் அப்படித்தான். தட்டு எத்தனை ஆயிரம் விற்றாலும் பாடகர் கைக்கு வந்து சேர்ந்தது சொற்பம். அந்த நாளில் தென் ஆப்பிரிக்கக் கறுப்புப் பாடகர்கள் அநேகமாக எல்லோருக்கும் இதே கதி. பாட்டுக்குக் கூலி உண்டு, பங்கு இல்லை. வயலில் உழுதவனுக்குப் பதர், வரப்பில் நின்றவனுக்கு நெல்.

எழுபதுகளின் தொடக்கத்தில் புகைந்தது வெடித்தது. பணத் தகராறில் மாலத்தினி வெளியேறினார். அடுத்து, பெண்களும் ஒவ்வொருவராக விலகத் தொடங்கினார்கள்.

வீட்டுக்குப் போன குரல்கள்

ஹில்டா விலகியதற்குக் காரணம் அவர் வயிற்றில் இருந்த பிள்ளை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எந்த நாட்டிலும் பாடகி வாழ்க்கையில் இந்த இடம் வரும். பிள்ளை பெறும் ஆண் பாடகர் இல்லை. எனவே அவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. வண்டியில் ஏறி ஊர் ஊராக, ஒரு நாள் இங்கே, மறுநாள் எல்லைக்கு அப்பால் என்று அலையும் பிழைப்பு, கைக்குழந்தையோடு நடக்காது. பெண்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

போனார்கள்.

கோஷ்டியின் பெயர் மட்டும் நின்றது. மார்க்ஸ் மங்குவானே வேறு பெண்களைச் சேர்த்துக் கொண்டு அந்தப் பெயரிலேயே எழுபதுகள் முழுவதும் நடத்தினார். கடையின் பலகை அப்படியே இருந்தது. உள்ளே இருந்தவர்கள் மாறிவிட்டார்கள்.

காலமும் மாறியது. 1976 ஜூன் 16-ந் தேதி சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். ஆப்பிரிக்கான்ஸ் மொழியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்த ஊர்வலம் அது. போலீசார் சுட்டார்கள். அந்த நாட்டின் சரித்திரம் அன்று திரும்பியது.

புதிய தலைமுறைக்குப் பழைய பாட்டு பிடிக்கவில்லை. அமெரிக்காவில் இருந்து வந்த 'சோல்' என்றார்கள், 'டிஸ்கோ' என்றார்கள். கிராமத்து வாடை அடிக்கும் உம்பகாங்கா, அப்பனும் பாட்டனும் கேட்கும் சங்கதி ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, கிராமத்து வழக்கம், இனத்துக்கு இனம் தனி மொழி என்று பேசிப் பேசியே கறுப்பு மக்களைப் பிரித்து வைத்த அரசாங்கம் அது. அதனால், கிராமத்துப் பாட்டு என்றாலே படித்த இளைஞர்களுக்கு ஒரு சந்தேகம்.

ஆக, இரண்டு பக்கமும் அடி. கம்பெனியிடம் காசு இல்லை. ஊரில் மரியாதை இல்லை. முப்பது வயதிலேயே 'பழைய பாடகி' என்ற பெயர்.

பெரும்பாலானவர்களின் கதை இத்தோடு முடிந்துவிடும். இந்தப் பெண்களின் கதை இங்கேதான் பாதி.

மறுபடியும் ஒரு முறை

1983-ம் ஆண்டில் பழைய கோஷ்டியைத் திரும்பவும் ஒன்று சேர்த்தார்கள். ஹில்டா, நோபெசுத்து, மில்ட்ரட், ஜூலியட், எத்தெல் என்று ஐவரும் ஒலிப்பதிவு நிலையத்தில் மீண்டும் ஒன்றாக நின்றார்கள். மாலத்தினியும் வந்து சேர்ந்தார்.

பத்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. குரல் இருக்குமா?

இருந்தது. மாறி இருந்தது. இருபது வயதுக் குரலில் மினுமினுப்பு இருக்கும். நாற்பது வயதுக் குரலில் கனம் இருக்கும். தனியாகப் பாடுகிறவர்களுக்கு மினுமினுப்பு வேண்டும். சேர்ந்து பாடுகிறவர்களுக்கு வேண்டியது கனம். அதைவிட முக்கியமானது, பக்கத்தில் நிற்பவள் எங்கே மூச்சு விடுவாள் என்று தெரிந்திருப்பது. அது கற்றுக் கொடுத்து வருவதல்ல. பல ஆண்டுகள் ஒன்றாக நின்று பாடினால்தான் வரும்.

ஆனாலும் சொந்த ஊரில் ஆரவாரம் பெரிதாக இல்லை. இளைஞர்கள் வேறு பாட்டில் மூழ்கி இருந்தார்கள்.

காற்று வெளிநாட்டில் இருந்து அடித்தது. 1985-ல் லண்டனில் ஒரு தொகுப்பு இசைத்தட்டு வெளிவந்தது. 'சொவெட்டோவின் அழிக்க முடியாத தாளம்' என்று அதன் பெயருக்குப் பொருள். அதில் மாலத்தினியின் உறுமல் இருந்தது. ஐரோப்பியர்கள் காதைத் தீட்டிக் கொண்டு கேட்டார்கள். 'இது என்ன பாட்டு? எங்கே இருந்தது இத்தனை நாளாக?'

அடுத்த ஆண்டு, அமெரிக்கப் பாடகர் பால் சைமன் தென் ஆப்பிரிக்க இசைக்காரர்களோடு சேர்ந்து 'கிரேஸ்லாண்ட்' என்ற தட்டை வெளியிட்டார். அது உலகம் முழுவதும் விற்றது. அதில் பாடிப் பெரும் புகழ் பெற்ற 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ' கோஷ்டியை ஆரம்ப காலத்தில் ஒலிப்பதிவு செய்து வளர்த்தவர் வேறு யாரும் அல்ல. தகரக் குழல் ஊதிய நம் வெஸ்ட் இங்கோசிதான்!

கதவு திறந்தது. உள்ளே நுழையத் தயாராக நின்றவர்கள், இருபது ஆண்டுக்கு மேல் ஒத்திகை பார்த்தவர்கள்.

பிரான்சில் அடித்த யோகம்

1987-ல் பிரான்ஸ் நாட்டில் அங்கூலேம் என்ற ஊரில் ஓர் இசை விழா. அங்கே போய்ப் பாடினார்கள். மூன்று பெண்களும் மாலத்தினியும் பழைய வாத்தியக்காரர்களும். ஐவரில் இருவர் விலகி, மூவரே நிலைத்துவிட்ட காலம் அது.

ஹில்டாவுக்கு அப்போது 45 வயது. நோபெசுத்துவுக்கு 42.

அந்தக் கூட்டத்துக்குப் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. சூலுவாவது, சோத்தோவாவது! ஆனால் பாட்டைக் கேட்டார்கள்; காலைப் பார்த்தார்கள். மணிகள் கோத்த ஆபரணம். தலையில் வட்டமாக அகன்று விரியும் சூலு தொப்பி. அந்தத் தொப்பி கலியாணம் ஆன பெண்களுக்கு உரியது. தாலி போல என்று வைத்துக் கொள்ளலாம். பாடகி என்றால் குமரியாகத் தோன்ற வேண்டும் என்பது சினிமா வழக்கம். இவர்களோ 'நாங்கள் குடும்பப் பெண்கள்' என்று தலையிலே எழுதி ஒட்டிக் கொண்டு வந்து குதித்தார்கள்!

ஆட்டம் சாதாரண ஆட்டம் அல்ல. காலைத் தலைக்கு மேலே வீசி, தரையில் ஓங்கி அடிக்கும் சூலு ஆட்டம். இருபது வயதுப் பெண்ணுக்கே மூச்சு வாங்கும். இவர்கள் ஆடிக் கொண்டே பாடினார்கள்.

அதற்குப் பிறகு ஓய்வே இல்லை. பாரிசில் பாடி ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதன் பெயர் 'பாரிஸ் - சொவெட்டோ'. இந்தப் பெயரைப் பாருங்கள். உலகத்தின் அலங்கார நகரம் ஒரு பக்கம். பெயர் வைக்கவும் மனம் இல்லாமல் விட்ட கூலிக்காரர் குடியிருப்பு மறு பக்கம். நடுவே ஒரு சின்னக் கோடு. அந்தக் கோட்டைப் போட்டது இந்தப் பெண்களின் குரல்.

1988-ல் வெம்பிளி. 1989-ல் இங்கிலாந்தின் 'ஆர்ட் ஆப் நாய்ஸ்' என்ற நவீனக் கோஷ்டியோடு சேர்ந்து 'யேபோ' என்ற பாட்டு. யந்திரங்களால் ஓசை எழுப்பும் கோஷ்டி அது. 'யேபோ' என்றால் சூலு மொழியில் 'ஆமாம்' என்று அர்த்தம். யந்திரமும் களியும் ஒத்துப் போகுமா என்று கேட்டவர்களுக்கு, பாட்டின் பெயரே பதில்!

ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று பயணம் நீண்டது. உள்ளூரில் முப்பது வயதில் கிழவி என்று ஒதுக்கப்பட்டவர்கள், உலகச் சந்தையில் நாற்பத்தைந்து வயதில் புதுமுகங்கள்.

சிறைக் கதவு திறந்தது

1990 பிப்ரவரி 11-ந் தேதி நெல்சன் மண்டேலா விடுதலை ஆனார். 27 ஆண்டுச் சிறைவாசம் முடிந்தது.

1994 ஏப்ரலில் தேர்தல். தென் ஆப்பிரிக்காவில் கறுப்பு மக்கள் எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் அதுதான். உலகம் சுற்றிக் கைதட்டல் வாங்கி வந்த இந்தப் பெண்களுக்கும், சொந்த நாட்டில் ஓட்டு என்ற ஒன்று கிடைத்தது அப்போதுதான். ஹில்டாவுக்கு அப்போது 52 வயது.

ஒரு மனிதரின் விடுதலைக்கும் ஒரு பாட்டுக் கோஷ்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்தப் பெண்கள் அரசியல் மேடை ஏறிப் பேசியவர்கள் அல்ல. அவர்களுடைய பழைய பாட்டுகளில் போராட்டக் கோஷம் கிடையாது. இருந்தால் ரேடியோவில் வந்தே இராது. ஆனால் 'கறுப்பர்களுக்கு நாகரிகம் இல்லை' என்று ஓர் அரசாங்கம் சட்டம் போட்டுச் சொல்லிக் கொண்டிருந்த காலத்தில், உலகத்தின் பெரிய மேடைகளில் நின்று, தாய்மொழியில் பாடி, தாய் ஆடிய ஆட்டத்தை ஆடிக் காட்டினார்கள். அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

மூன்று மரணங்கள்

நல்ல காலம் வந்தால் கூடவே சோதனையும் வரும்.

1998-ல் வெஸ்ட் இங்கோசி மோட்டார் விபத்தில் அடிபட்டு இறந்தார். அதே ஆண்டில் மார்க்ஸ் மங்குவானேயும் போனார். கோஷ்டி கலைந்த காலத்திலும் பெயரைக் கலைய விடாமல் காத்தவர் அவர். 1999 ஜூலையில் மாலத்தினி காலமானார். சர்க்கரை நோய் அவரை நீண்ட நாளாக வாட்டி வந்தது.

ஓராண்டுக்குள் மூன்று பேர்! கிடாரும் போயிற்று, குழலும் போயிற்று, சிங்கமும் போயிற்று.

எஞ்சி நின்றவர்கள் மூன்று பெண்கள். ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள்.

விளம்பரங்களில் இத்தனை நாளும் 'மாலத்தினியும் மகோட்டெல்லா குயின்சும்' என்றுதான் போடுவார்கள். முன்னால் ஆண் பெயர், பின்னால் பெண்கள். அந்த முன் பெயர் போன பிறகு, பின் பெயருக்கு மதிப்பு இருக்குமா? பலர் நினைத்திருப்பார்கள்: இனி இந்த அம்மாக்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு முறை போனவர்கள்தானே! வீட்டுக்குப் போகிற வழி அவர்களுக்குத் தெரியும். இந்தத் தடவை போகவில்லை.

மறைந்த மூவருக்கும் அஞ்சலியாக 'செபாய் பாய்' என்ற இசைத்தட்டைக் கொண்டு வந்தார்கள். மூவர் பேர் மட்டுமே முன்னால் நின்றது. பிறகு பார்த்தால், சிங்கம் இல்லாமலும் மேடை நிறைந்தது. இத்தனை ஆண்டும் அந்த உறுமலைச் சுமந்து நின்றது எந்தத் தோள் என்று அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது.

இன்னொரு பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் மூவரும் ஒன்றாகப் பாடினார்கள். அறுபது வயதுக்கு மேலும் அதே துள்ளல். 2013-ல் மில்ட்ரட் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஓர் இளம் பெண்ணைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். 2021-ல் நோபெசுத்து தமது 76-வது வயதில் காலமானார்.

ஹில்டா விடவில்லை. 2022-ல் அவருக்கு 80 வயது ஆயிற்று. கோஷ்டி அப்போதும் அவர் தலைமையில்தான் இருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பேத்தி வயதுப் பெண்கள். அடி எடுத்துக் கொடுத்தவர், 1964-ல் எடுத்துக் கொடுத்த அதே ஹில்டா.

அதிர்ஷ்டமா?

நாற்பது வயதுக்கு மேல் வந்த இந்தப் புகழை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். லண்டனில் ஒரு தட்டு வெளிவராமல் இருந்தால்? பிரான்சில் ஒரு விழா நடக்காமல் இருந்தால்? உண்மைதான்.

ஆனால் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டுகிற நாளில், உள்ளே ஆள் இருக்க வேண்டும். விளக்கும் எரிய வேண்டும். இந்தப் பெண்கள் இருபது வயதில் கற்றதை, காசு வராதபோதும் மறக்கவில்லை. பிள்ளை வளர்த்தார்கள், பாட்டையும் வைத்திருந்தார்கள். விதை நெல்லை வறுத்துத் தின்னாமல் வைத்திருப்பது போல.

இன்னொன்றும் உண்டு. பெண்ணுக்கு வயது ஏறினால் குரலின் விலை இறங்கும் என்பது பாட்டுக் கம்பெனிகள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று இவர்கள் வாயால் சொல்லவில்லை, பாடிக் காட்டினார்கள்.

கடைசியாக, அந்தப் பெயர் விஷயம்.

1964-ல் 'ஓட்டல் ராணிகள்' என்று பெயர் வைத்தபோது, அது ஒரு விளம்பரப் பெயர். தங்க முடியாத ஓட்டலுக்கு ராணிகள்! பாடிக் கிடைத்த பணத்தில் பங்கு இல்லாத ராணிகள்!

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டு மேடைகளில் ஆடிப் பாடி முடித்து, வியர்வையைத் துடைத்துக் கொண்டு அவர்கள் திரும்பியது ஓட்டல் அறைக்கு. வாசலில் யாரும் 'பாஸ் எங்கே?' என்று கேட்கவில்லை. கையில் துடைப்பம் இல்லை.

அறைச் சாவி இருந்தது.